கரீம் பாயின் எண்ணெய் டின்

மெக்கானிக் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டுமாம். நல்ல பிள்ளைகள்தான். காபியைக் குடித்துவிட்டு ஒருவன் கேட்டான்: "ஐயா, ஒங்க ஒர்க்‌ஷாப்ல வரதராஜுலு போர்மேன்னு ஒருத்தர் இருந்தாராமே? அவரு கை பட்ட வண்டில ஒரு சொட்டு ஆயில் ஒழுகாதாமே? அந்த நுணுக்கத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க."

நுணுக்கமாம்! நான் டம்ளரை வைத்த சத்தத்தில் என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். செத்துப் போனவரைப் பற்றி எதற்கு என்பாள் அவள். செத்துவிட்டால் செய்ததெல்லாம் இல்லை என்று ஆகிவிடுமா? கேட்டார்கள், எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் தொழில் கற்றது யுத்த காலத்தில். துறைமுகத்தில் வந்து இறங்கிய ராணுவ லாரிகளின் அடியில் படுத்துக் கற்றேன். அடி, வசவு, கிரீஸ். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை. யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, சில வருஷம் கழித்து ராயபுரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பிட்டராகச் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம், இன்று அது இல்லை. அங்கே வந்தவை எல்லாம் இங்கிலீஷ் கார்கள். முன்னால் ரேடியேட்டர், அதன் பின்னால் எஞ்சின். தண்ணீர் ஊற்றினால் ஓடும். எல்லாமே எண்ணெய் ஒழுக்கும். அதைத் தடுப்பதில்தான் எங்கள் பாதி ஆயுசு போனது.

வரதராஜுலு அங்கே போர்மேன். சத்தம் போட மாட்டார். எல்லாரையும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். வெள்ளை டிரில் பேன்ட், மடிப்புக் கலையாத சட்டை. வேலை முடிந்த வண்டியின் கீழே சாயங்காலம் தன் கையால் செய்தித்தாளை விரிப்பார், நாலு மூலையிலும் நாலு நட்டை வைப்பார். காலையில் வந்து முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து பார்ப்பார். காகிதம் சுத்தமாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். சொட்டு விழுந்திருந்தால் அந்தக் காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, அந்த வண்டியைப் பார்த்த பிட்டரின் சட்டைப் பையில் வைப்பார். "வூட்டுக்கு எட்த்துனு போ தம்பி. புள்ளைங்களுக்குக் காட்டு" என்பார். எண்ணெய் சட்டையில் ஊறும். அதோடு அன்று முழுவதும் வேலை செய்ய வேண்டும். அவர் கத்தியிருந்தால்கூடத் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

இந்தக் காகிதத்துக்குப் பயந்து பிட்டர்கள் நட்டுகளை முறுக்குவார்கள். முறுக்க முறுக்க எஞ்சினின் அடித்தகடு வளையும், வளைந்த தகட்டில் இன்னும் ஒழுகும். எதற்கும் அடங்காத வண்டிக்குப் போர்மேன் ஒரு மருந்து வைத்திருந்தார். பிள்ளைகள் கேட்ட நுணுக்கம் அதுதான். எஞ்சினின் அடித்திருகைத் திறந்து எண்ணெயில் ஒரு பங்கை வடித்துவிடுவார். உள்ளே எண்ணெய் மட்டம் இறங்கினால் ஒழுகும் இடம் நனையாது, காகிதம் சுத்தம். இதற்கு நாங்கள் "பட்டினி போடுறது" என்று பெயர் வைத்திருந்தோம். இங்கிலீஷ் கார்கள் அதைத் தாங்கின. சூட்டைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். சொந்தக்காரர் அடுத்த தடவை பெட்ரோல் போடும்போது எண்ணெயும் ஊற்றிக்கொள்வார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால்தான் அந்த மனுஷனுக்கு அவ்வளவு தைரியம்.

ஐம்பதுகளின் நடுவில் டாக்டரம்மாவின் கார் வந்தது. ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் டாக்டர். ஊருக்குத் திரும்பிய ஜெர்மன் டாக்டர் ஒருவர் தன் பழைய காரை அவரிடம் விட்டுப் போயிருந்தார். முதுகு வளைந்த சின்ன வண்டி. எஞ்சின் பின்னால். எங்களோடு பிட்டராக இருந்த கரீம் பாய் முன்பக்கத்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா மாமு, தண்ணி ஊத்தலாம்னு பாத்தா ரேடியேட்டரையே காணோம். எவன் அட்ச்சிகினு பூட்டான்?"

கரீம் பாய் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையோரத் தெருவில் மனைவி, சின்ன மகளோடு குடியிருந்தார். வாயைத் திறந்தால் கேலிதான். ஆனால் எஞ்சினைப் பிரித்துவிட்டால் ஒரு வார்த்தை வராது. டாக்டரம்மாவின் கார் ரேடியேட்டரே இல்லாத கார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். காற்றாடி அடிக்கும் காற்று வெளியே இருந்தும், எண்ணெய் உள்ளே இருந்தும் அதைக் குளிர வைக்கின்றன. பிடிக்கிற எண்ணெயும் இங்கிலீஷ் கார்களில் பாதிதான்.

"நல்லா கேட்டுக்க நைனா," என்றார். "இதுக்கு எண்ணெய்தான் தண்ணி. கொறஞ்சா வெந்துடும்."

ஒழுக்கைக் கண்டுபிடிப்பதே இந்த எஞ்சினில் பெரிய பாடு. ஒரு இடத்தில் கசிந்தால் காற்றாடி அதை அடித்து எங்கெங்கோ பூசிவிடும். நனைந்த இடம் ஒழுகும் இடம் அல்ல. கரீம் பாய் முதலில் மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சின் முழுவதையும் கழுவித் துடைத்துக் காயவைத்தார். பிறகு டாக்டரம்மாவிடம் போய், "மூஞ்சிக்குப் போட்ற பவுடர் ஒரு டப்பா குடுங்கம்மா" என்றார்.

"எனக்கு எதுக்கு இப்போ பவுடர்?"

"ஒங்களுக்கு வோணாம்மா. எஞ்சினுக்கு."

அந்தம்மா சிரித்துவிட்டுக் கொடுத்தனுப்பினார். பவுடரை எஞ்சின் மேல் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், கசிகிற இடத்தில் மட்டும் பவுடர் கறுத்து நின்றது. சிலிண்டர் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே மெல்லிய குழாய்கள் உண்டு. மேலே போன எண்ணெய் அவற்றின் வழியாகத்தான் கீழே திரும்பி வரும். அவற்றின் இரண்டு முனையும் ஆர்மோனியத் துருத்தி மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருக்கும். அந்தச் சுருக்கம் அமுங்கிப் போனால் முனையில் உள்ள வளையம் பிடிக்காது. கசிவு அங்கேதான் இருந்தது.

நாலு போல்ட்டைக் கழற்றி எஞ்சினைக் கீழே இறக்கினோம். தலைகளைக் கழற்றினோம். கரீம் பாய் ஒவ்வொரு குழாயையும் இரண்டு கையிலும் பிடித்து, உடைந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நீட்டினார். வளையம் மெட்ராஸில் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் தெரிந்த ஒருவரிடம் கெட்டியான கார்க் தகடு வாங்கி வந்து, வெட்டி, வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறப்போட்டார். குழாயில் இருந்த ஒட்டுத்தழும்பு மேல்பக்கம் பார்க்கும்படி வைத்தார், பிற்காலத்தில் அது விட்டாலும் எண்ணெய் வழியாமல் இருக்க. அடித்தகட்டின் சின்ன நட்டுகளை நான் முடுக்கியபோது என் கையைத் தட்டிவிட்டார். "போதும்டா. ஒன் பலத்த எல்லாம் இங்க காட்டாத. வளஞ்சிரும்." எண்ணெயை அளவுக் கம்பியின் மேல்கோடு வரை ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காகிதத்தில் ஒரு சொட்டு இருந்தது. ஒரே ஒரு சொட்டு. வரதராஜுலு மடித்துக் கரீம் பாயின் பையில் வைத்தார்.

"சார், இது ஒழுகல் இல்ல. புது கார்க்கு, ஓட ஓட ஊறி உப்பி அடச்சிக்கும். ரெண்டு நாள்ல நின்னுடும்."

"நீ சொல்ற தம்பி. பேப்பர் வேற சொல்லுதே."

மத்தியானம் கரீம் பாய் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனார். நான் பக்கத்து வண்டியில் இருந்தேன். வரதராஜுலு ஒரு தட்டோடு வந்து, அந்த வெள்ளை பேன்ட்டோடு ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, அடித்திருகைத் திறந்தார். என் கண்ணெதிரே எண்ணெய் தட்டில் இறங்கியது.

"சார், அத்த பட்டினி போடாதீங்க சார். அதுக்குத் தண்ணி கெடியாது, எண்ணெய்தான் எல்லாம்" என்றேன்.

"தம்பி, ஒன் வேலையப் பாரு."

"வெந்துடும் சார்."

"ஸ்டோருக்குப் போய் பிரேக் லைனிங் வந்துச்சான்னு கேட்டுகினு வா."

ஸ்டோரில் ஆள் இல்லை. ஓடித் திரும்பி வந்தேன். கார் இருந்த இடம் காலி. கீழே விரித்திருந்த புதுக் காகிதம் பளிச்சென்று இருந்தது. டாக்டரம்மா வந்து வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

கரீம் பாய் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டுக்குள் வந்தார். நான் சொன்னேன். அவர் முகம் போன போக்கை இன்னும் நான் மறக்கவில்லை. "அட பாவி, கொன்னுட்டானே" என்றார். ஒரு டின் எண்ணெயை எடுத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா எண்ணூர்க் குப்பத்துக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறார் என்றார்களாம். அந்த வெயிலில், கடலோர ரோட்டில், திருவொற்றியூரைத் தாண்டி மிதித்திருக்கிறார்.

எர்ணாவூர் பக்கத்தில் கார் நின்றிருந்தது. எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது. குப்பத்தில் கஷ்டமான பிரசவம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால்தான் உண்டு என்று டாக்டரம்மா அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் படுக்கவைத்து ஓட்டி வந்திருக்கிறார். புருஷன் தேசப்பன், கட்டுமரத்தில் போகிறவர், முன் சீட்டில். அந்த நேரம் பார்த்துக் கரீம் பாய் போய்ச் சேர்ந்து, சைக்கிளைப் போட்டுவிட்டு, எண்ணெய் டின்னும் கையுமாக ஓடி, "வண்டில எண்ணெய் இல்ல டாக்டரம்மா, எண்ணெய் இல்ல" என்று கத்தியிருக்கிறார்.

உப்பு ஏற்றி வந்த ஒரு மாட்டுவண்டியை மறித்து, மூட்டைகளை ரோட்டில் இறக்கி, கரீம் பாயும் தேசப்பனும்தான் அந்தப் பெண்ணைத் தூக்கி அதில் படுக்கவைத்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை.

இனிமேல்தான் என் வயிறு எரிகிற கதை. அடுத்த நாள் தேசப்பன் ஒர்க்‌ஷாப் கேட்டில் வந்து நின்றார். வரதராஜுலுவே போய்ப் பேசினார். அந்த மெதுவான குரலில், தோளில் கை போட்டு, "கரீம் எண்ணெய் ஊத்த மறந்துட்டான் தம்பி. அப்பால ஞாபகம் வந்து டின்ன தூக்கினு ஓடினான். நீயே கண்ணால பாத்தியே" என்றார். தேசப்பன் பார்த்ததும் அதுதானே! காப்பாற்றக் கொண்டு ஓடிய எண்ணெய் டின்னையே கரீம் பாய்க்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார் அந்த மனுஷன். அதோடு விட்டாரா? கரீம் பாயின் தெருப் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் சொல்லி அனுப்பினார். கேட்டில் நின்ற காவல்காரர்தான் இதை எனக்குச் சொன்னார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, தேசப்பன் வந்துவிட்டார். தெரு நடுவில் நின்றுகொண்டு கத்தினார்.

"எண்ணெய் ஊத்த மறந்துட்டியாமே! சோறு துன்ன மறப்பியாடா நீ? எம்புள்ள மூஞ்சிய உசுரோட ஒரு தபா பாக்கலியேடா நானு! ஒன் வூடு வெளங்குமா?"

தெருவே கூடிவிட்டது. கரீம் பாயின் மனைவி மகளை இழுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். கரீம் பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வுடு மாமு. புள்ளைய பொதச்சிட்டு வந்தவன். இப்ப இன்னா சொன்னாலும் காதுல ஏறாது."

தேசப்பன் குரல் கம்மும் வரை கத்திவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து பழவேற்காடு பக்கத்தில் இருந்த மாமியார் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். ஆனால் அவர் கத்தியது அந்தத் தெருவிலேயே தங்கிவிட்டது. குழாயடியில் கரீம் பாயின் மனைவி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். மகளோடு விளையாட யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை.

கரீம் பாயை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்துவிட்டு, மேனேஜர் ரூமில் விசாரணை நடத்தினார்கள். கரீம் பாய், நான், போர்மேன். டாக்டரம்மாவும் வந்திருந்தார். நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். "இவங்க ரெண்டு பேரும் கூட்டாளிங்க சார்" என்றார் வரதராஜுலு. அப்போதுதான் கரீம் பாய் பேசினார்.

"சார், வண்டிய எடுக்கறப்ப கீழ பேப்பர் சுத்தமா கீதுன்னு போர்மேனே எல்லார்கிட்டயும் காட்டினாரு. காலைல அதே வண்டி ஒரு சொட்டு வுட்டுச்சு. அந்தப் பேப்பர இவர்தான் என் பைல வெச்சாரு. நான் எண்ணெயே ஊத்தலன்னா காலைல அந்தச் சொட்டு எங்கேந்து சார் வந்துச்சு?"

மேனேஜர் வரதராஜுலுவைப் பார்த்தார். வரதராஜுலு ஜன்னலைப் பார்த்தார்.

டாக்டரம்மா போர்மேனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "வண்டியைக் கொடுக்கறப்போ நீங்க என்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? டேஷ்போர்டுல இருக்கற எண்ணெய் விளக்கு மினுங்கும், புது ஸ்விட்ச், கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், கண்டுக்காதீங்கன்னு. வளைவுல எல்லாம் அது மினுங்கிச்சு. நான் உங்க பேச்சை நம்பி ஓட்டினேன். அது மினுங்கும்னு உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?"

எனக்கே அது புதுச் செய்தி. ஸ்விட்ச்சை யாரும் மாற்றவே இல்லை. எண்ணெய் குறைந்தால் வளைவில் பம்ப் காற்றை இழுக்கும், விளக்கு எரியும். அது தெரிந்தேதான் அந்த மனுஷன் அந்தப் பொய்யைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். காகிதத்தில் ஒரு சொட்டு விழக்கூடாது என்பதற்காக! அவர் கழுத்தைப் பிடிக்கப் போனேன். கரீம் பாய் குறுக்கே வந்து நின்றார்.

மேனேஜருக்குப் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்தது. வண்டியை இலவசமாகச் சரி செய்து தருவதாக டாக்டரம்மாவிடம் சொன்னார். கரீம் பாயிடம், "நீ திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு. நடந்தது நடந்துபோச்சு. விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும்" என்றார்.

"வர்றேன் சார். ஒண்ணே ஒண்ணு. இவரு என்கூட எண்ணூருக்கு வந்து அந்த மனுசன்கிட்ட, நான்தான் எட்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"அது எப்படிப்பா? வெளியில சொன்னா ஒர்க்‌ஷாப் பேரு என்ன ஆகிறது?"

"எம்பேரு இன்னா ஆச்சுன்னு யாரும் கேக்கலியே சார். நான் போய்ச் சொன்னா தப்பிக்கப் பாக்கறான்னு சொல்வாங்க. செஞ்சவரு வாயால வரணும். எம்பொண்டாட்டி தெருக் குழாய்ல தண்ணி புடிக்கணும் சார்."

மேனேஜர் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். கரீம் பாய் தன் ஸ்பேனர்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பட்டினி போடுவது தெரியாதவன் ஒருத்தன் அங்கே கிடையாது.

நான் அந்த எஞ்சினைச் சரி செய்யும் வரைக்கும் மட்டும் இருந்தேன். அதுவும் டாக்டரம்மாவுக்காக. சாமான் கப்பலில் வந்து சேர நாளாகிவிட்டது. கடைசியில் என் கையால் எண்ணெய் ஊற்றி, அவர் சாவி போடும்வரை வண்டியை விட்டு நகரவில்லை. அன்றே வேலையை விட்டேன். "கரீம் போய்ச் சொல்ல வேண்டாம், போர்மேனும் வர வேண்டாம். நான் சொல்றேன். தேசப்பன் ஊருக்குத் திரும்பிட்டாராம். ஏறுங்க" என்றார் டாக்டரம்மா.

குப்பத்தில் தேசப்பன் வலை பின்னிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஒன்று விடாமல் சொன்னார். நானும் சொன்னேன். அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். வரதராஜுலுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப அந்த பாய்? என்கூட சேந்து எம்பொஞ்சாதிய தூக்கினாரே, அவரா? அய்யோ, அவர் வூட்டு வாசல்ல நின்னு இன்னான்னமோ பேசிட்டனே. இட்டுகினு போங்கம்மா என்னை."

கொருக்குப்பேட்டைக்குப் போனோம். கரீம் பாயின் வீட்டில் பூட்டு தொங்கியது. இரண்டு நாள் முன்னால்தான் காலி செய்துகொண்டு போனார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண், "அந்தம்மா அழுதுகினே போச்சு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் விசாரிக்காத இடமில்லை. கரீம் பாயை நான் பார்க்கவே இல்லை.

தேசப்பன் அந்தப் பூட்டைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, தெரு நடுவுக்கு வந்து, குரலெடுத்துக் கத்த ஆரம்பித்தார்.

"இந்த வூட்ல இருந்த பாய் எண்ணெய் ஊத்த மறக்கல! கேட்டுக்கங்க! அவரு ஊத்தின எண்ணெய எட்த்தவன் வேற! இந்த மனுசன் எம்புள்ளைய காப்பாத்த எண்ணூர் வரைக்கும் சைக்கிள் மெரிச்சிகினு வந்தவரு! நான்தான் தெரியாம ஏசிட்டேன்! நான்தான்!"

ஜன்னல்கள் திறந்தன. குழாயடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண் சொன்னாள்: "அவங்கதான் பூட்டாங்களே. யாருக்கு சொல்லினுகீற?"

"ஒங்களுக்குத்தான்" என்றார் தேசப்பன். "அன்னிக்கு நான் பேசினத கேட்டு அவங்கள தொரத்தினவங்க நீங்கதானே? இதையும் கேளுங்க."

மறுபடியும் முதலிலிருந்து கத்த ஆரம்பித்தார்.